மண்டையோடு வெளுக்கும் வரை

நவம்பர் 24, 2024, ஞாயிறு

மாமனாரை நேற்று இரவே விஸ்கான்சின் தலைநகர் மாடிசனில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் நேற்றுக் காலையில் சுட்ட ஆண்மான் கராஜில் தொங்குகிறது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அவர் அதைப் பற்றித்தான் பேசினார்: "தலையை யாரிடமும் கொடுக்காதே. நீயே சுத்தம் செய்."

இன்று மாலை ஐந்து மணிக்குள் மானைப் பதிவு செய்ய வேண்டியிருந்ததால் என் கணவர் மருத்துவமனையிலிருந்தபடியே அதை முடித்தார். மான்களுக்கு வரும் மெலிவு நோய் இதற்கு இருக்கிறதா என்று பார்க்க, சோதனை மாதிரி எடுக்கும் இடத்துக்கு நான் தலையைக் கொண்டுசென்றேன். மண்டையோட்டை முழுதாக வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னதும், அங்கிருந்த பெண் தொண்டைப் பக்கமாகக் கீறி, நிணநீர்க் கணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு தலையைத் திருப்பிக் கொடுத்தார். முடிவு வர இரண்டு வாரம் ஆகலாம் என்றார்.

நவம்பர் 25, திங்கள்

தோலை உரித்தேன். கன்னத்தில் எளிதாகக் கழன்று வந்த தோல், கொம்பின் அடியில் எலும்போடு எலும்பாக இறுகிக் கிடந்தது. கண்ணுக்கு முன்னால் எலும்பில் ஒரு குழி உண்டு. தோல் அதற்குள் ஆழமாக இறங்கியிருப்பதால், கத்தியின் நுனியை எலும்பை விட்டு விலகாமல் நகர்த்தினால்தான் அது முழுதாக வரும். அதற்கே அரை மணி நேரம் பிடித்தது.

மூளையில் இப்போதைக்குக் கைவைக்கப் போவதில்லை. முடிவு வரும்வரை தலை இரட்டைப் பையில் ஃப்ரீசருக்குள் இருக்கட்டும். இறைச்சிப் பொட்டலங்களின்மீதும் 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

நவம்பர் 28, வியாழன்

நன்றி நவிலும் நாள். மருத்துவமனை உணவகத்தில் சூப்.

டிசம்பர் 1, ஞாயிறு

துப்பாக்கி வேட்டைப் பருவம் இன்றோடு முடிந்தது, பள்ளத்தாக்கில் வெடிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. எனக்கு அந்த நோயைத் தவிர வேறு நினைப்பில்லை. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தென்பட்ட இந்த மெலிவு நோய், 2002இல் விஸ்கான்சினில், எங்கள் ஐயோவா கவுண்டிக்குப் பக்கத்திலேயே கண்டறியப்பட்டது. இன்று மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில்தான் அது மிகுதி, அதிலும் பெண்மான்களைவிட வளர்ந்த ஆண்மான்களிடமே அதிகம். கிருமியாக இருந்தால் கொதிக்க வைத்துக் கொன்றுவிடலாம். இதுவோ உருக்குலைந்த ஒரு புரதம், ப்ரியான். அது கொதிநீரில் அழிவதில்லை, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் வீரியம் இழப்பதில்லை. மூளை, தண்டுவடம், கண், நிணநீர்க் கணு என்று, மண்டையோட்டைச் சுத்தம் செய்யும்போது கை படுகிற இடங்களில்தான் அது குவிந்திருக்கும். மனிதரைத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. என்றாலும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அந்த எச்சரிக்கையை மதிக்கிறவள் நான்.

மாமனார் நாள்தோறும் மானின் முடிவு வந்துவிட்டதா என்று கேட்கிறார். தம்முடைய ஸ்கேன் முடிவைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

டிசம்பர் 4, புதன்

மதுரையிலிருந்து அக்கா பேசினாள். செத்த மிருகத்தின் தலையை நடுவீட்டில் மாட்டலாமா என்று வருத்தப்பட்டாள். நம் ஊரில் என்றால் வனத்துறை வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்றாள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவள் சொன்னது சரிதான். இங்கே உரிமம் வாங்கிச் சுட்ட மான், சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் அவளுடைய முதல் கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

நோய் கண்டறியப்படவில்லை! உடனே மாடிசனுக்குப் போன் செய்தேன். "அப்படியானால் முதுகு இறைச்சித் துண்டை வெளியே எடுத்து வை" என்றார் மாமனார்.

டிசம்பர் 7, சனி

காலை முதல் இருட்டும்வரை கொல்லைப்புறத்தில் புரோபேன் அடுப்பின் அருகிலேயே இருந்தேன். தண்ணீரில் வாஷிங் சோடாவும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, ஆவி பறக்கும் சூட்டில், கொதி வராமல் பார்த்துக்கொண்டேன். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு உருகி எலும்புக்குள்ளேயே இறங்கிவிடும். மூக்கெலும்புகள் பிரியும், பற்கள் உதிரும். கொம்புகளை அலுமினியத் தாளில் சுற்றித் தண்ணீருக்கு மேலே நிறுத்தியிருந்தேன். மரத்தில் தேய்த்துத் தேய்த்து ஏறிய அந்தப் பழுப்பு நிறம் வெந்நீர் பட்டால் வெளிறிப்போகும்.

முக்கால் மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சுரண்டினேன். மூளையைப் பின்புறத் துவாரத்தின் வழியே, வளைத்த கம்பியால் கலைத்து, குழாய் நீரைப் பாய்ச்சி வெளியேற்றினேன். மூக்கினுள் சுருள் சுருளாக இருக்கும் எலும்புகள் காய்ந்த வெங்காயத் தோல் போல மெல்லியவை. தொல்லை என்று பலர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. குளிர்காற்றைச் சூடாக்கி அந்த விலங்குக்கு மூச்சாகக் கொடுத்த பகுதி அது, அதை எடுத்துவிட்டால் மண்டையோட்டின் முன்பகுதி வெறும் ஓட்டையாகிவிடும்.

டிசம்பர் 8, ஞாயிறு

கீழ்த்தாடையைப் பார்த்து வயதைக் கணித்தேன். மூன்றாம் கடைவாய்ப் பல்லில் இரண்டு முகடுகளே இருப்பதால் குட்டிப் பல் விழுந்து புதுப்பல் முளைத்துவிட்டது. நான்காம் பல்லில், பல் தேயத் தேய விரியும் பழுப்புக் கோடு வெள்ளை எனாமலைவிட அகலமாகிவிட்டது, ஐந்தாவதில் இன்னும் அவ்வளவு தேயவில்லை. எனவே மூன்றரை வயது. கோடையின் தொடக்கத்தில் பிறப்பவை என்பதால் நவம்பரில் விழும் மான்களுக்கெல்லாம் வயது அரையில்தான் முடியும்.

டிசம்பர் 15, ஞாயிறு

மாமனார் வீடு திரும்பிவிட்டார். விறகு அடுப்பு இருக்கும் முன்னறையிலேயே கட்டில் போட்டிருக்கிறோம். அடுப்புக்கு நேர் மேலே, படுத்தபடியே பார்க்கும் இடத்தில் மண்டையோட்டை மாட்ட வேண்டும் என்கிறார்.

அங்கே கூடாது என்றேன். எலும்பில் மிச்சமிருக்கும் கொழுப்பு வெப்பம் பட்டால் மெல்ல வெளியே கசியும், ஒரே குளிர்காலத்தில் நெற்றி மஞ்சளித்துவிடும். அவரோ வேறு சுவரைப் பார்க்கக்கூட மறுக்கிறார். அப்படியானால் கொழுப்பே மிஞ்சாதபடி எடுத்துத்தான் ஆக வேண்டும். வாளியில் சோப்புத் தண்ணீர், அதற்குள் மீன் தொட்டிக்கான ஹீட்டர். தண்ணீர் கலங்கியதும் மாற்றுகிறேன்.

டிசம்பர் 18, புதன்

தண்ணீர் மஞ்சள்.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்னும் மஞ்சள்தான். கொம்படியில் எலும்பு தடிமனாக இருப்பதால் கொழுப்பு அங்கிருந்து வந்துகொண்டே இருக்கிறது. "போதும், வெளுத்து மாட்டிவிடு, எனக்குப் பார்க்க வேண்டும்" என்கிறார். வெளுத்துவிட்டால் இன்று வெள்ளையாகத்தான் தெரியும். ஆனால் பெராக்சைடு நிறத்தை எடுக்குமே தவிர, கொழுப்பை எடுக்காது. இதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் ஏன் அவசரப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாளியின் தண்ணீரை மாற்றிக்கொண்டிருக்கிறேன். அரைகுறையாகச் செய்து அவர் கண்ணெதிரே மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

இரவு முழுவதும் இருமல். நானும் தூங்கவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

தண்ணீர் தெளிந்துவிட்டது. உலர்ந்த எலும்பில் எங்கும் எண்ணெய்ப் பளபளப்பு இல்லை. சலூன் பொருட்கள் விற்கும் கடையில் வாங்கிய 12 சதவீதப் பெராக்சைடு க்ரீமைக் கையுறை அணிந்து தூரிகையால் பூசினேன். கொம்படியில் டேப் ஒட்டி, எலும்பின்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்தேன். குளோரின் ப்ளீச் சீக்கிரம் வெளுக்கும் என்று எங்கள் தெருவில் ஒருவர் இன்றும் அறிவுரை சொன்னார். ப்ளீச் எலும்பையே அரித்துச் சுண்ணாம்பாக உதிர வைக்கும். அதை என் வீட்டில் இந்த வேலைக்கு அனுமதிக்க மாட்டேன்.

ஜனவரி 4, 2025, சனி

கொட்டகையில் கிடந்த கறுப்பு வால்நட் பலகை அவரே அறுத்து வைத்தது. புயலில் சாய்ந்த மரமாம். உப்புத்தாளால் தேய்த்து ஆளி எண்ணெய் பூசியதும் அதன் ரேகைகள் எழுந்து நின்றன. பின்புறத் துவாரத்தில் நுழையும்படி ஓர் இரும்புக் கம்பியை வளைத்துப் பலகையில் திருகினேன். எலும்பில் ஓரிடத்திலும் துளை போடவில்லை.

அடுப்புக்கு மேலே, ஆனால் இரண்டடி வலப்பக்கம் தள்ளி மாட்டியிருக்கிறோம். இவ்வளவுக்கு அவரும் இறங்கி வந்தார், நானும் வந்தேன். மூக்கைச் சற்று கீழே சாய்க்கச் சொன்னார். சாய்த்தேன். இன்னும் கொஞ்சம் என்றார். எட்டுக் கிளைகளையும் கட்டிலிலிருந்தே விரல் நீட்டி எண்ணினார்.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் கேட்கிறார்: "கீழ்த்தாடை எங்கே?" வயது பார்த்தபின் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன் என்றேன். அதையும் சுத்தம் செய்து பலகையின் கீழே வைக்க வேண்டுமாம். வாளியைக் கழுவி, ஹீட்டரைத் திரும்பவும் போட்டிருக்கிறேன். தாடை எலும்பு மெல்லியது, இதற்கு அத்தனை வாரம் ஆகாது.