நாற்சார் வீட்டு முற்றத்தில் விழும் மழை

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளைப் பார்க்கவென்றே இந்தமுறை போனேன். சித்திரை வெயில் கொளுத்தியது. உடுவிலில் நண்பனின் சொந்தக்காரர் வீடு ஒன்று பழைய நாற்சார் வீடு. படலையைத் தாண்டி விறாந்தையில் ஏறியதும் உடம்பு ஆறிவிட்டது. உள்ளே மின்விசிறிகூடச் சுற்றவில்லை.

நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றி நான்கு பக்கமும் விறாந்தை, அதன் பின்னால் அறைகள். சூடேறிய காற்று முற்றத்தால் மேலெழும்பிப் போக, வெளியிலிருந்து காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. சுவர்கள் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்; நல்ல தடிப்பு. ஓட்டுக்குக் கீழே வைரம் பாய்ந்த பனையில் அறுத்த சிலாகைகள், இன்னும் உளுக்கவில்லை. பின்வளவில் பனையோலை வேலி. ஓலை பழசானால் தோட்டத்தில் தாட்டுப் பசளையாக்கிவிடுவார்களாம்.

ஆனால் நான் அதிகநேரம் நின்று பார்த்தது முற்றத்து மூலையிலிருந்த சின்ன வாய்க்காலைத்தான். நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிவதால் மழை முற்றத்தில் விழும். "அந்தத் தண்ணி றோட்டுக்குப் போகாது தம்பி, வாழையடிக்குப் போய் வளவுக்குள்ளயே இறங்கிடும்" என்றார் வீட்டுக்கார அம்மா.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. கிணற்றில் இருப்பதெல்லாம் பெய்த மழைதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வது நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. மேலிருந்து மழை இறங்காமல் நாம் இறைத்துக்கொண்டே போனால் உவர் மேலே ஏறும். அதனால் இங்கே ஒரு வீட்டைப் பசுமை வீடு என்று சொல்ல, சோலார் தகடு மட்டும் எனக்குப் போதாது. அதன் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

மறுநாள் காங்கேசன்துறை. 1950இல் தொடங்கிய சீமெந்து ஆலைக்காகக் கல் அகழ்ந்த பள்ளங்கள் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன. நமக்குத் தண்ணீர் வைத்திருக்கும் அதே கல்லைத்தான் தோண்டிச் சீமெந்தாக்கியிருக்கிறோம். பார்க்கப் பார்க்க மனம் கனத்தது.

அப்புறம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நண்பன் கட்டும் புதுவீடு. கொங்கிரீட் தட்டு, முற்றம் முழுக்கச் சீமெந்துக்கல், கூரைக் குழாய் நேரே றோட்டோர வாய்க்காலுக்கு. அவனைக் குறை சொல்ல முடியாது. நாற்சார் வீட்டுக்கு வேண்டிய காணியும் இல்லை, பனைமர வேலை தெரிந்த தச்சர்களும் குறைந்துவிட்டார்கள். ஆனால் குழாயைத் திருப்பலாமே! நிலத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். 100 சதுர மீற்றர் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு இலட்சம் லீற்றர். மணலும் சல்லியும் போட்ட வடிகுழி ஒன்று வேண்டும், அதுவும் மலசலகூடக் குழியிலிருந்து தள்ளி. கல்வெடிப்புக்குள் அழுக்கு வெகுவேகமாகப் பரவும்.

"ஒரு இலட்சமா மச்சான்?" என்றவன், மேசனைக் கூப்பிட்டுக் குழிக்கு எவ்வளவு காசு முடியும் என்று கேட்டான். கிணற்றுக்கு மேற்குப் பக்கம் இடம் குறித்தோம். முற்றத்துச் சீமெந்துக்கல்லைப் பற்றி இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.