கம்பஸ் முடிஞ்சு ஒஃபிசுக்குப் போறன்

திருகோணமலை கோணேசபுரி கம்பஸ்ல படிக்கேக்க எட்டு மணி லெக்சருக்கே நித்திரை முறியாத ஆள் நான், இப்ப காலமை வெள்ளனவே வெளிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிறன், அம்மாவுக்கே நம்பேலாம இருக்கு.

முதல் சம்பளத் துண்டைப் பாத்தா காசு குறையுது, என்னெண்டு கேட்டா ஈபிஎஃப்புக்கு, அதான் ஊழியர் சேமலாப நிதிக்கு, எங்கட சம்பளத்தில 8% வெட்டுவினம், முதலாளி 12% போடோணும், ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3% முழுக்க முதலாளியின்ர பொறுப்பு, அதை எங்களிட்ட வெட்டேலாது. பிசினஸ் படிச்ச எனக்கே இது ஒழுங்காத் தெரியாது பாருங்கோ! வேலைக்குச் சேரேக்க ஈபிஎஃப் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கோ பிள்ளையள், வெக்கப்படாதேங்கோ.

பொம்பிளையளுக்கு 50 வயசில அந்த ஈபிஎஃப் காசை எடுக்கலாம், இல்லாட்டி கலியாணம் கட்டி வேலைய விட்டாலும் எடுக்கலாமாம். இதை வீட்டில சொன்னது தான் தாமதம், அம்மம்மா சாதகக் கொப்பியைத் தேடத் தொடங்கிட்டா.