பாடசாலைத் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகை வைத்த கதை

செடிக்கு அறிவியல் பெயர் தேடப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூவோ காயோ இல்லாத கிளையைக் கொண்டுபோனால் பெரும்பாலும் பாதிப் பெயரோடுதான் திரும்பி வருவீர்கள்.

ஹட்டன் பக்கம் எங்கள் பாடசாலையில் மரம் செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கச் சொன்னார் அதிபர். தேயிலை, வல்லாரை, சவுக்கு எல்லாவற்றுக்கும் போன் செயலியே சரியான பெயரைக் காட்டியது. எங்கள் மலைச் சவுக்கு ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த கிரெவில்லியா ரொபஸ்டா. கடற்கரைச் சவுக்கோ கசுவரினா, அதன் குடும்பமே வேறு. ஆனால் வேலியோரக் காட்டுச்செடிகளை எத்தனை முறை படம் எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வந்தது. அதனால் காயவைத்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் பேராதனை தேசிய உலர்தாவரகத்தில் கேட்பது என்று முடிவானது.

பாடசாலை வளவுக்குள்ளும், தோட்டத்துரையிடம் சொல்லிவிட்டுத் தோட்ட எல்லையிலும் மட்டுமே கிளை வெட்டினோம். ஹோட்டன் சமவெளி மாதிரி தேசியப் பூங்காவில் அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்க முடியாது. ஒவ்வொரு கிளைக்கும் ஓர் இலக்கம் போட்டு, எந்த இடம், எவ்வளவு உயரம், பூ என்ன நிறம், என்ன வாசம், ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி வைத்தோம். காய்ந்த பிறகு நிறமும் வாசமும் போய்விடும், அப்போது இந்தக் குறிப்புதான் உதவும்.

படாத பாடு பட்டது காய வைப்பதில்தான். பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் கிளையை விரித்து, மேலே பலகையும் கல்லும் வைத்து, நாளுக்கு ஒரு தடவை தாளை மாற்ற வேண்டும். எழுதும்போது சுலபம்! தென்மேற்குப் பருவமழையில், மூடுபனி ஜன்னலுக்குள் வந்து உட்காரும் ஊரில், மாற்றப்போகும் தாளே நமத்துக் கிடக்கும். முதலில் வைத்தவை பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போயின. அப்புறம் ஒரு பிள்ளையின் தகப்பன் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கேட்டுப் பார்த்தார். "கொழுந்து வாட்டுற மாடியில ஒரு மூலையில வச்சிக்கோங்க டீச்சர். ஒரு எலை தூளோட கலந்தாலும் என்னத்தான் கேப்பாங்க" என்றார் டீமேக்கர் ஐயா. அங்கே வைத்த பிறகுதான் கிளைகள் மொறுமொறுவென்று காய்ந்தன.

நாவலப்பிட்டி, கம்பளை வழியாக பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே போனேன். உலர்தாவரகத்தில் ஓர் அலுவலர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். முதலில் குடும்பம், பிறகு பெயரின் முதல் சொல்லான பேரினம், கடைசியில்தான் இனம். இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, சூலகம் பூவிதழ்களுக்கு மேலா கீழா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். அப்புறம் அலுமாரியில் இருந்து பழைய தாள்களை எடுத்து எங்கள் கிளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவை நடத்திய த்வைட்ஸ் சேகரித்தவையும் அங்கே இருக்கின்றன. அவர் அனுப்பிய நோய்பிடித்த கோப்பி இலைகளைப் பார்த்துத்தான் 1869இல் ஒரு பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அது கோப்பியை அழித்த பிறகுதான் இந்த மலைகளில் தேயிலை பரவியது. எங்கள் ஆட்களின் வரலாற்றில் அந்தப் பூஞ்சைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரு பெயரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டேன். வழக்கமாக ஒவ்வொரு இனப்பெயருக்கும் ஆதாரமாக ஒரு மூல மாதிரி எங்காவது காக்கப்பட்டிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். இலங்கைச் செடிகள் பலவற்றுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் இலங்கைக்கு வந்ததே இல்லை. 1670களில் இங்கே டச்சுக் கம்பனி வைத்தியராக இருந்த ஹெர்மன் சேகரித்த செடிகளைப் பார்த்து அவர் எழுதினார். அந்தச் சேகரம் இப்போது லண்டனில் இருக்கிறது.

காட்டோரத்து நெலுவுக்கு முழுப் பெயர் கிடைக்கவில்லை. பெற்றோர்கள் அதைக் குறிஞ்சி என்றுதான் சொல்லுவார்கள். பேரினம் ஒன்றுதான், ஸ்ட்ரோபிலாந்தஸ். நீலகிரிக் குறிஞ்சி அதில் வேறோர் இனம். எங்களுடையதில் பூ இல்லாததால் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டோம். சில நெலு இனங்கள் பன்னிரண்டு வருடங்களுக்கு ஒருமுறைதான் பூக்கும், அதற்காகப் பலகையை நிறுத்தி வைக்க முடியுமா?

பலகை எழுதுபவர் அழகுக்காக எல்லாவற்றையும் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டார். பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரிது, மற்றதெல்லாம் சிறிது, இரண்டு சொல்லும் சாய்வாக இருக்க வேண்டும் என்று சொல்லி மறுபடி எழுத வைத்தோம். தேயிலைப் பலகையில் கேமெல்லியா சினென்சிஸுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் லின்னேயஸின் முதலெழுத்தும், வெளியே குன்ட்சே என்றும் இருக்கிறது. பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் தேயா சினென்சிஸ். 1887இல் குன்ட்சே அதைக் கேமெல்லியா பேரினத்துக்கு மாற்றினார். முதலில் பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள், மாற்றியவர் வெளியே. பெயரிட்டவர்களைப் பலகையில் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. வல்லாரைப் பாத்திக்கு வைத்த சின்னப் பலகையில் இடம் போதவில்லை, அதனால் விட்டுவிட்டோம்.