தோலுக்கடியில் ஒரு சிறு ஊசி: அம்மாவோடு பதினாறு நாள்கள்

உணவுக்குழாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில், திருவட்டாறு அருகே உள்ள எங்கள் ஓட்டு வீட்டில் அம்மாவைப் பதினாறு நாள்கள் வைத்துப் பார்த்தேன். கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் போனதால் வலிக்கான மார்ஃபின் மாத்திரையையும் விழுங்க முடியவில்லை. மருத்துவமனையில் இரு கைகளிலும் மாறி மாறிக் குத்தியும் நரம்பு கிடைக்காதபோது, "மக்களே, இனி குத்தண்டாம்னு செல்லு" என்றார் அம்மா. அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்து, முற்றிய நோயில் வலியைத் தணிக்கும் ஆதரவு சிகிச்சை தரும் செவிலியரிடம் வேறு வழி உண்டா என்று கேட்டேன்.

மருத்துவரின் அறிவுரைப்படி செவிலியர் அம்மாவின் வயிற்றுத் தோலை விரல்களால் மெல்லத் தூக்கி, இருபுறமும் சிறகு போன்ற பிடியுள்ள சிறிய பட்டர்ஃப்ளை ஊசியைச் சாய்வாகச் செலுத்தி, ஒளி ஊடுருவும் பிளாஸ்திரி ஒட்டினார். நரம்பைத் தேட வேண்டியதில்லை. தோலுக்கடியில் உள்ள கொழுப்புப் பகுதியே மருந்தை ஏற்றுக்கொள்ளும். வாய்வழி 10 மில்லிகிராம் கொடுத்த இடத்தில் ஊசியில் 5 மில்லிகிராம் மார்ஃபின் போதும் என்று அவர் எழுதிக் கொடுத்தபோது, அளவைக் குறைத்துவிட்டார்களோ என்று பயந்தேன். முதல் ஊசிக்குப் பின் அரை மணி நேரத்தில் அம்மாவின் நெற்றிச் சுளிப்பு தளர்ந்ததைப் பார்த்த பிறகே எனக்கு நம்பிக்கை வந்தது.

நீருக்கு, தொடையில் வேறோர் ஊசி. கூரைக் கழுக்கோலில் கயிறு கட்டி 500 மில்லி சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு இருபது சொட்டு, அதாவது சுமார் ஒரு மில்லி, இறங்கும்படி வைத்தோம். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் காலை ஆறரை மணிக்குள் முடிந்துவிடும். மூன்றாம் இரவில், சீக்கிரம் முடிந்தால் அம்மா நிம்மதியாகத் தூங்குவாரே என்று நான் சொட்டைக் கூட்டிவிட்டேன். ஊசியைச் சுற்றித் தோல் இறுகி வீங்கி, அம்மா முனகினார். சிறிது வீக்கம் இயல்பு, அது தானே வடியும். ஆனால் இறுகி வலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று செவிலியர் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் வந்து இடத்தை மாற்றியவர், சிவப்போ கசிவோ தெரிகிறதா என்று காலையும் மாலையும் தொட்டுப் பார்க்கக் கற்றுத் தந்தார்.

பதின்மூன்றாம் நாள் அம்மாவின் பாதங்கள் வீங்கின. மூச்சில் களகளவென்று சத்தம் கேட்டது. உடல் இனி நீரை ஏற்காது, கொடுப்பது அவருக்குச் சுமையாகிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். தண்ணீர் கொடுக்காமல் இருப்பதா என்று சித்தி அழுதார். எனக்கும் அது எளிதாக இல்லை. சலைனை நிறுத்தி, உலர்ந்த உதடுகளை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருந்தோம். சித்திதான் பெரும்பாலும் அதைச் செய்தார். வயிற்றிலிருந்த மருந்து ஊசி மட்டும் இறுதிவரை இருந்தது. பதினாறாம் நாள் விடியலில் அம்மா வலியின்றிப் போன பிறகு, செவிலியர் வந்து, உயிரோடு இருப்பவரிடம் செய்வதுபோலவே மெதுவாகப் பிளாஸ்திரியை நனைத்து அந்த ஊசியை எடுத்தார்.