53, 67, 5, 1219: வீட்டு நெட்வொர்க்கில் பகிர்வு எங்கே சிக்குகிறது?

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடது ஓரத்தில் ‘நெட்வொர்க்’ என்பதைத் திறந்து, அடுத்த அறைக் கணினி தெரிகிறதா என்று காத்திருப்பது வீண் வேலை. அங்கே பெயர் தெரியாத கணினியும் ஒழுங்காகத் திறக்கும். தெரிகிற கணினியும் உள்ளே விடாது. பகிர்வு வேலை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்ட ஹோம்குரூப் வசதியையும் 2018-இல் விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டார்கள். முகவரிப் பெட்டியில் நேராக \\192.168.1.10 மாதிரி அந்தக் கணினியின் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியை, அடியுங்கள். திறக்காவிட்டால் பிழைப் பெட்டியில் விவரம் பார்க்கும் பட்டனை அழுத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 80070035 மாதிரி நீளமாக வரும். முதல் நான்கு இலக்கங்களை விட்டுவிடலாம். மீதி பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண். 35 என்றால் தசமத்தில் 3×16+5, அதாவது 53. எங்கே தேட வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

53 வந்தால் வழியே இல்லை என்று பொருள். பாஸ்வேர்டு, பெர்மிஷன் எதையும் தொடாதீர்கள். இரண்டு கணினியிலும் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) ஓட்டி, ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று பகுதிகளை ஒப்பிடுங்கள். ஒன்று 192.168.1, இன்னொன்று 192.168.0 என்று இருந்தால், இணைய நிறுவனம் வைத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டர் தனி நெட்வொர்க் நடத்துகிறது. அதை, தனி நெட்வொர்க் நடத்தாமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த மோடு இல்லாத ரவுட்டர் என்றால், முதலில் அதன் சொந்த முகவரியை முதல் பெட்டியோடு மோதாதபடி மாற்றுங்கள். பிறகு அதில் கணினிகளுக்கு ஐபி எண் ஒதுக்கும் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வான் (WAN) போர்ட்டிலிருந்து லான் (LAN) போர்ட்டுக்கு மாற்றிச் செருகுங்கள். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் கணினியை வீட்டுக் கணினிகளோடு பேச விடாமல் ரவுட்டரே தடுக்கும். அதைப் பிரதான வைஃபைக்குக் கொண்டுவர வேண்டும்.

முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருந்தும் 53 வந்தால், பெரும்பாலும் கொடுக்கும் கணினியில் (ஃபைலோ பிரிண்டரோ இருக்கும் கணினி) நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று கிடக்கும். அப்போது ஃபயர்வால், ஃபைல் பகிர்வுக்கான வாசலான 445-ஆம் போர்ட்டைத் திறக்காது. செட்டிங்ஸில் அந்த வைஃபை அல்லது ஈதர்நெட் இணைப்பின் ப்ராபர்ட்டீஸில் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில், பிரைவேட் பகுதியின் கீழ், ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். தனியாக ஆண்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால் அதன் ஃபயர்வாலிலும் இதே வேலை உண்டு. கணினி தூங்கிப்போனாலும் இதே 53 வரும். கொடுக்கும் கணினிக்கு ஸ்லீப் ‘நெவர்’.

கரண்ட் போய் வந்த பிறகு நேற்றுவரை திறந்தது திறக்கவில்லை என்றால், ரவுட்டர் வேறு ஐபி கொடுத்திருக்கக்கூடும். ரவுட்டர் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் போட்டு, கொடுக்கும் கணினிக்கும் பிரிண்டருக்கும் நிரந்தர எண் ஒதுக்குங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

67 வந்தால் கணினி கிடைத்துவிட்டது, ஷேர் பெயர்தான், அதாவது பகிரும்போது வைத்த பெயர்தான் தப்பு. ஃபோல்டரின் பெயரும் ஷேர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது பலருக்கும் தெரிவதில்லை.

அதிக நேரத்தைத் தின்பது 5, அதாவது அனுமதி மறுப்பு. அதற்கு முன்னால் பாஸ்வேர்டு. கணினியைத் திறக்கும் நான்கு இலக்க ‘பின்’ (PIN) எண் நெட்வொர்க் வழியாகச் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வெளியிலிருந்து உள்ளே விடாது. இதற்காகப் பாஸ்வேர்டு பாதுகாப்பையே அணைக்கச் சொல்பவர்கள் நிறைய; என்னைக் கேட்டால் கூடாது. கொடுக்கும் கணினியில் பகிர்வுக்கென்று ஒரு லோக்கல் கணக்கு, அதற்கு ஒரு பாஸ்வேர்டு. செட்டிங்ஸில் பிற பயனர்கள் பகுதியில், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியில் உருவாக்கலாம். எடுக்கும் கணினியில் கேட்கும்போது கணினிப் பெயர், ஒரு பின்சாய்கோடு, கணக்குப் பெயர் என்று முழுதாக அடித்து, நினைவில் வைக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள்.

இனி ஃபோல்டர். சி டிரைவை மொத்தமாகப் பகிர வேண்டாம். டி டிரைவில் தனி ஃபோல்டர் போதும். ப்ராபர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ். அங்கே ‘எவ்ரிஒன்’ என்பதை நீக்கி, புதிய கணக்கைச் சேர்த்து ‘சேஞ்ச்’ கொடுங்கள். இதோடு நிறுத்தினால்தான் 5 வருகிறது. பக்கத்து செக்யூரிட்டி டேபிலும் அதே கணக்குக்கு ‘மாடிஃபை’ வேண்டும். இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். ஃபோல்டர் திறந்து, சில ஃபைல்கள் மட்டும் மறுத்தால், அவை அதே டிரைவில் வேறு இடத்திலிருந்து கட் செய்து ஒட்டப்பட்டவையாக இருக்கும். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் பழைய அனுமதியையே சுமந்து வரும். காப்பி செய்தால் இந்தத் தொல்லை இல்லை. செக்யூரிட்டி, அட்வான்ஸ்டில் உள்ளிருக்கும் எல்லாவற்றின் அனுமதியையும் மாற்றி எழுதும் கட்டத்தை டிக் செய்தால் சரியாகும். படம், பாட்டு ஃபோல்டருக்கு ‘ரீட்’ மட்டும் கொடுங்கள். நெட்வொர்க் வழியாக அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனது போனதுதான்.

1219 என்பது, அதே கணினிக்கு ஏற்கெனவே வேறு பெயரில் நுழைந்திருக்கிறீர்கள் என்பது. கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பதிவை நீக்கி, லாக்-ஆஃப் செய்து வாருங்கள்.

ரவுட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க், பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) ஆகியவை தனிக் கதை. அவற்றில் பல, ஃபைல் பகிர்வின் பழைய மொழியான எஸ்எம்பி1 மட்டுமே பேசும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் விண்டோஸ் 10 பதிப்பு 1709 முதல், புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 வருவதில்லை. திரும்பப் போட்டுக்கொள்ள வழி உண்டு, போடாதீர்கள். பெட்டியின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2-வின் ப்ரோ பதிப்பு, பாஸ்வேர்டு கேட்காத கெஸ்ட் ஷேரையும் மறுக்கிறது. ரவுட்டரிலேயே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைத்துவிட்டால் அந்தத் தடை போகும்.

பிரிண்டரில் வைஃபை இருந்தால் கணினி வழியாகப் பகிரவே வேண்டாம். ஐபியை நிலைப்படுத்தி, ஒவ்வொரு கணினியிலும் டிசிபி/ஐபி முகவரி கொடுத்துத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்தால் விண்டோஸ் பல நேரம், பிரிண்டரைத் தானே தேடிப் பிடிக்கும் டபிள்யூஎஸ்டி (WSD) போர்ட்டைப் போட்டுவிடும். பிரிண்டர் சும்மா இருக்கும்போதே ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவதற்கு அது ஒரு காரணம். டிசிபி/ஐபி போர்ட்டிலும் அப்படிக் காட்டினால், போர்ட் அமைப்பில், பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் எஸ்என்எம்பி (SNMP) ஸ்டேட்டஸ் டிக்கை எடுங்கள். பல வீட்டுப் பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இணையும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றின் பட்டியலில் வராது.

யுஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டருக்குப் பகிர்வைத் தவிர வழியில்லை. பிரிண்டர் ப்ராபர்ட்டீஸின் ஷேரிங் டேபில் இடைவெளி இல்லாத சின்னப் பெயர் வையுங்கள். எடுக்கும் கணினியில் முதலில் தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவுங்கள். 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு 11பி (11b) என்று முடியும் பிழை பரவலாக வந்தது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கச் சொல்லும் குறிப்பு எங்கும் கிடைக்கும். அது விண்டோஸின் பிரிண்டர் சேவையில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கப் போட்ட பூட்டையே கழற்றுவது. இரண்டு கணினியையும் முழுதாக அப்டேட் செய்யுங்கள். அப்போதும் வந்தால், பிரிண்டர் சேர்க்கும்போது மேனுவல் செட்டிங்ஸ் வழியில் போய், புதிய ‘லோக்கல் போர்ட்’ ஒன்றை உருவாக்கி, போர்ட் பெயராக இரண்டு பின்சாய்கோடு, ஐபி, இன்னொரு பின்சாய்கோடு, ஷேர் பெயர் அடியுங்கள். பட்டியலில் ஏற்கெனவே நிறுவிய டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அதிலேயே பக்கம் வெளியே வந்துவிடும்.