நாலும் முலாம் என்று அனுப்பிவிட்டார்கள்

அமுச்சியின் (அம்மாவின் அம்மா) காரியம் முடிந்த கையோடு அம்மா பெட்டியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே இங்கிலாந்து ராஜா தலை போட்ட பழைய தங்கக் காசு நாலு. பேரன் பேத்தி நாலு பேருக்கும் ஆளுக்கு ஒன்று என்று அமுச்சி சொல்லி வைத்திருந்ததாம். கொடுப்பதற்கு முன்னால் கடையில் ஒருமுறை காட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கோபியிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் நாலையும் மொத்தமாகத் தராசில் போட்டார். 28.54 கிராம். “நாலு பவுன்னா 32 இருக்கோணுமுங்க” என்றார். மேலே கிடந்த காசை எடுத்து உரைகல்லில் அழுத்தி இழைத்து, கோட்டின் மேல் ஒரு சொட்டு திராவகம் விட்டார். கோடு பச்சையாகப் பொங்கிக் காணாமல் போனது. “நாலும் முலாமுங்க. வேணும்னா மொத்தமா ரெண்டாயிரத்துக்கு எடுத்துக்கறேன்.” மீதி மூன்றையும் உரைத்துப் பாருங்கள் என்று கேட்டேன். “எல்லாம் ஒரே செட்டுதானுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஊரிலேயே ஓர் அடகுக் கடை. அங்கே நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு காசின் விளிம்பில் அரத்தைப் போட்டு ராவிவிட்டார். சுற்றி இருக்கும் பல்லில் நாலைந்து மழுங்கிப் போயின. “உள்ளயும் மஞ்சளாத்தான் இருக்குது, பித்தளையாக்கூட இருக்கும்” என்றார். ராவியதில் என்னதான் தெரிந்தது? பித்தளையும் மஞ்சள்தான். காந்தத்தை வைத்தாலும் தங்கத்தைப் போலவே பித்தளையும் ஒட்டாது. பழைய காசைக் கையில் கொடுக்கும் முன்பே “அரம் போடக் கூடாது” என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் கோவை ராஜ வீதிப் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் வயதான ஆசாரியிடம் போனோம். அவர் முதலில் காசுகளைத் தனித்தனியாக நிறுத்தார். 7.98, 7.97, 7.97. நாலாவது 4.62. “அம்மணி, மூணு நல்ல காசு. ஒண்ணுதான் கோளாறு” என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாம் பவுனுக்கு 8 கிராம் கணக்குப் போட்டாலும் இந்த இங்கிலாந்துக் காசின் எடை 7.99 கிராம்தான். குறுக்களவு சுமார் 22 மில்லிமீட்டர், 22 கேரட். அதே அளவில் செம்பிலோ பித்தளையிலோ அடித்தால் இதில் பாதி எடைதான் வரும். ஈரோட்டுக் கடைக்காரர் ஒவ்வொன்றாக நிறுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் உரைத்தது அந்த நாலாவது காசைத்தான். லென்ஸில் பார்த்தால் அதில் ராஜாவின் தாடி தேய்ந்த இடத்தில் செம்பு எட்டிப் பார்த்தது.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முங்கும்படி பிடித்தார். தராசு 0.45 கிராம் காட்டியது; காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 7.97-ஐ அதால் வகுத்தால் 17.7, அதாவது தண்ணீரைப் போல அத்தனை மடங்கு கனம். 22 கேரட் தங்கம் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் வரும். நாலாவதற்கு 0.52, வகுத்தால் 8.9; அது செம்பின் கணக்கு.

வீட்டுக்கு வந்து நானும் செய்து பார்த்தேன். சமையலறைத் தராசு உதவாது, 0.01 கிராம் காட்டுகிற நகைத் தராசு வேண்டும். முதல் தடவை எனக்கு 15 வந்து பயந்துவிட்டேன். காசின் மேல் ஒரு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தது. உதறிவிட்டு, மூன்று காசையும் சேர்த்துக் கட்டி முக்கினேன். 23.92-க்கு 1.36, அதாவது 17.6. சேர்த்து முக்கினால் தராசின் சின்னப் பிசகு கணக்கைக் கெடுக்காது. ஆனால் எடையைத் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும். 916 முத்திரை இல்லையே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஹால்மார்க் இங்கே வந்ததே 2000-இல்தான்.

ராவப்பட்ட காசில் 1918 என்ற எண்ணுக்கு மேலே பொடியாக ஆங்கில ‘ஐ’ எழுத்து இருப்பதை ஆசாரி காட்டினார். பம்பாயில் அடித்ததாம், அந்த ஒரு வருடம் மட்டும்தான் அங்கே இந்தக் காசு அடித்தார்கள். போயும் போயும் அதன் மேலா அரம் பட வேண்டும்!

போன வாரம் மூன்று காசையும் எடுத்துக்கொண்டு அதே ஈரோட்டுக் கடைக்குப் போனேன். இந்த முறை ஒவ்வொன்றாகத் தங்கத்தின் தரம் காட்டும் மெஷினில் வைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். மெஷின் மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும், கனமான முலாமில் ஏமாறும்; ஆனால் எடையும் தண்ணீரும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. மூன்றும் 91 சதவீதத் தங்கத்துக்கு மேல். “கொடுக்கறீங்களா அம்மணி, இன்னிக்கு ரேட்டுக்கே எடுத்துக்கறேன்” என்றார். என்னை அவருக்கு நினைவில்லை.

“விக்கறதுக்கு இல்லீங்க” என்று சொல்லி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வந்தேன். நாலாவது காசு எப்போது மாறியது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. மூன்றை நாலு பேருக்கு எப்படிப் பிரிப்பது என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.