திரையில் பார்த்த தரை

செட்டிநாட்டு ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூவேலைக் கல்லான பூக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கும் ஆர்டரும் பார்த்து வருகிறேன். நான் சேர்ந்த புதிதில் கல் வாங்குபவர்கள் நேரில் வருவார்கள். பக்கத்துக் கானாடுகாத்தானில் ஓரிரு பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வந்து, அடுக்கியிருக்கும் கற்களைக் கையால் தடவி, உடன் வந்த பெரியவர்களைக் கலந்துகொண்டுதான் முடிவு சொல்வார்கள். இப்போது சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் இன்ஸ்டாகிராம் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வருகிறது, "இதே பூ, இதே நிறம்" என்ற ஒற்றை வரியோடு.

இதனால் பட்டறைக்கு வேலை பெருகியது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். என்னை வருத்துவது வேறு. நகரத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் படம் பரவினால், அடுத்த சில மாதங்களுக்கு எல்லோருக்கும் அந்தப் பூவே வேண்டும். முகப்புக்கு ஒன்று, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுக்கு ஒன்று, அதற்குப் பின்னுள்ள இரண்டாம் கட்டுக்கு ஒன்று என்று இடமறிந்து கல் தேர்ந்த பழக்கம் போய், படம் எடுக்கும் மூலைக்கு மட்டும் பூக்கல் கேட்கிறார்கள். மற்ற அச்சுகள் பரணில் துருப்பிடிக்கின்றன.

நிறம் இன்னொரு சிக்கல். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட் கலவையைக் கையால் ஊற்றுகிறோம், சூளையில் சுடுவதில்லை, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, காற்றில் உலர்ந்துதான் கல் இறுகுகிறது. ஒரு கல்லைப் போல மறுகல் அமையாது. செயலியில் மெருகேற்றிய பளபளப்பைக் கேட்டு ஒருவர் கோபித்துக்கொண்டபோது, பட்டறையின் மூத்த தொழிலாளி போனை வாங்கி, "மிதிக்க மிதிக்கத்தான் தம்பி கல்லு மினுங்கும், பத்து வருசம் குடியிருங்க" என்றார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

சென்ற தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் அனுப்பிய படம் அப்படிப்பட்டதல்ல. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்த பழைய கல்யாணப் படம். வளவில் பந்திப்பாய் விரித்திருக்க, அதன் ஓரத்தில் கால் பங்கு பூ மட்டும் தெரிந்தது. இடிக்கப்பட்டுவிட்ட தம் ஆயா வீட்டுத் தரை அது என்று எழுதியிருந்தார். கறுப்பு வெள்ளைப் படமாதலால் நிறம் தெரியவில்லை. குழுவிலிருந்த மூத்தவர்களிடம் கேட்டு, சிவப்பும் மஞ்சளும் என்று மறுநாள் சொன்னார். எங்கள் பட்டறையின் மூத்த தொழிலாளி பரணிலேறி அந்த அச்சைத் தேடியெடுத்தார். அன்று பிற்பகல் முழுவதும் அவர் வேறு வேலை பார்க்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் அதன் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.